எஞ்சினைத் திறக்கும் முன் கையேட்டைத் திறக்கலாம்: கப்சாய் மோட்டாரை வீட்டிலேயே பழுதுபார்ப்பது எப்படி, எங்கே நிறுத்துவது?

விடியற்காலையில் தோட்டத்து லயத்திலிருந்து தொழிற்சாலைக்குப் புறப்படுகிறவருக்கும், பட்டணத்தில் நள்ளிரவு வரை உணவு விநியோகம் செய்யும் இளைஞருக்கும் பொதுவான பொருள் ஒன்று உண்டு. அது கப்சாய் மோட்டார். அது ஒரு நாள் நின்றால் அன்றைய வருமானமும் நின்றுவிடும்.

அந்த மோட்டார் புகை கக்கத் தொடங்கினாலோ, காலையில் பத்து முறை கிக் உதைத்தும் உயிர் பெறாவிட்டாலோ, பெரும்பாலோர் காதில் விழும் சொல் ‘டாப் ஓவர்ஹால்’. ஹெட்டையும் பிளாக்கையும் கழற்றி, பிஸ்டன், வளையம், வால்வு ஆகியவற்றைப் பார்த்து மாற்றும் வேலை அது. சில நூறு வெள்ளி செலவாகும். சில வேளைகளில் அது தேவைதான். சில வேளைகளிலோ அரை மணி நேரத்தில் டேப்பட்டைச் சரிசெய்தாலே மோட்டார் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

இரண்டில் எது என்பதை ஊகத்தால் முடிவு செய்ய வேண்டியதில்லை. ஒவ்வொரு மோட்டாருக்கும் அதைத் தயாரித்த நிறுவனமே எழுதிய ஒரு நூல் இருக்கிறது. அதுதான் சர்விஸ் மேனுவல் எனப்படும் பழுதுபார்ப்புக் கையேடு. எந்த போல்ட்டை எப்படிக் கழற்றுவது என்பதைவிட, எந்தப் பாகம் இன்னும் நல்ல நிலையில் இருக்கிறது, எது தேய்ந்து முடிந்துவிட்டது என்று எண்களால் சொல்வதுதான் அதன் பெரிய பயன்.

எந்தக் கையேடு?

மோட்டார் வாங்கும்போது இருக்கைக்கு அடியில் கிடைக்கும் சிறு புத்தகம் உரிமையாளர் கையேடு. எண்ணெய் அளவு, டயர் காற்றழுத்தம், பராமரிப்பு அட்டவணை ஆகியவை அதில் இருக்கும். எஞ்சின் வேலைக்கு அது போதாது.

சர்விஸ் மேனுவல் தனி நூல். பட்டறைகளுக்காக எழுதப்பட்டது. எரிபொருள், குளிரூட்டல், ஹெட், கிளட்ச், மின்சாரம் என்று பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் அளவுகள், இறுக்க வேண்டிய விசை, தேவைப்படும் சிறப்புக் கருவிகள் ஆகியவை பட்டியலாக இருக்கும். மூன்றாவது நூல் உதிரிப் பாகப் பட்டியல். ஒவ்வொரு பாகமும் எந்த வரிசையில் அமர்ந்திருக்கிறது என்று படமாகக் காட்டி, அதன் எண்ணையும் தரும். கடையில் ‘அந்த ரப்பர் வளையம்’ என்று கையால் காட்டிக் கேட்பதைவிட, அந்த எண்ணைக் காட்டிக் கேட்டால் தவறான பொருள் கைக்கு வராது.

மாடலும் ஆண்டும் பொருந்துவது முக்கியம். ‘இஎக்ஸ்5’ என்ற ஒரே பெயரில் 97 சிசி கார்புரேட்டர் மோட்டாரும் இருக்கிறது, பின்னாளில் வந்த 109 சிசி எரிபொருள் உட்செலுத்து மோட்டாரும் இருக்கிறது. ஒன்றின் அளவை மற்றொன்றுக்குப் பயன்படுத்தக் கூடாது.

கையேடுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. ஆனாலும் அந்த ஆங்கிலம் கடினமானது அல்ல. கழற்று, அளந்து பார், மாற்று, இறுக்கு என்ற சில வினைச்சொற்களே திரும்பத் திரும்ப வரும். ஐம்பது சொற்கள் பிடிபட்டால் முழு நூலும் பிடிபட்டுவிடும். வீட்டில் ஐந்தாம் படிவம் படிக்கும் பிள்ளை இருந்தால் அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து படிக்க ஏற்ற நூல் அது.

கற்றுக்கொள்வதற்கும் கப்சாய் மிகவும் ஏற்ற எஞ்சின். 1958இல் வெளிவந்த ஹோண்டா சூப்பர் கப்பின் வழிவந்ததுதான் இஎக்ஸ்5. படுத்த நிலையில் ஒரே சிலிண்டர், கைப்பிடி இல்லாத தானியங்கி கிளட்ச், காற்றால் குளிரும் அமைப்பு என்று அடிப்படை அப்படியே தொடர்கிறது. எளிய அமைப்பு, கைக்கு எட்டும் பாகங்கள்.

இரண்டு எண்கள்

கையேட்டின் அளவுப் பட்டியலில் ஒவ்வொரு பாகத்துக்கும் இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது தர அளவு. அதாவது புதிய பாகம் எந்த அளவில் இருக்க வேண்டும் என்பது. இரண்டாவது பயன்பாட்டு எல்லை. தேய்ந்து தேய்ந்து அந்த எண்ணைத் தாண்டிவிட்டால் பாகத்தை மாற்றியே ஆக வேண்டும்.

பிஸ்டன் வளையத்தை எடுத்துக்கொள்வோம். அதைச் சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டனின் தலையால் நேராகத் தள்ளி, வளையத்தின் இரு முனைகளுக்கும் இடையிலுள்ள இடைவெளியை அளக்க வேண்டும். எல்லைக்குள் இருந்தால் வளையம் நல்லது. தாண்டியிருந்தால் மாற்ற வேண்டும். ஆனால் புதிய வளையத்தைப் போட்டு அளந்தும் இடைவெளி அதிகமாகவே இருந்தால், தேய்ந்தது சிலிண்டர் என்று பொருள். அந்த நிலையில் வளையத்தை மட்டும் மாற்றினால் பணம் வீண். சில வாரங்களில் புகை திரும்பவும் வரும்.

கண்ணால் பார்த்து ‘போய்விட்டது’ என்று சொல்வதற்கும் அளந்து பார்த்துச் சொல்வதற்கும் உள்ள வேறுபாடு இதுதான். அனுபவமுள்ள போமன் ஒருவர் பார்த்தவுடனே சரியாகச் சொல்லக்கூடும். முதல் முறையாக எஞ்சினைத் திறப்பவருக்கு அந்தக் கண் இல்லை. அவருக்கு எண்தான் துணை.

திறக்காமலேயே தெரிந்துகொள்ளலாம்

மோட்டாருக்கு இழுவை குறைந்துவிட்டது, கிக் லேசாக இறங்குகிறது, கிளப்புவதே சிரமம் என்றால் எஞ்சினில் அழுத்தம் கசிகிறது என்று சந்தேகிக்கலாம். இதைச் சோதிக்க எதையும் பிரிக்க வேண்டியதில்லை. எஞ்சின் சூடாக இருக்கும்போது பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் அழுத்தமானியைப் பொருத்தி, முறுக்கியை முழுவதும் திறந்து வைத்துக்கொண்டு முள் ஏறுவது நிற்கும்வரை கிக் உதைக்க வேண்டும். கிடைத்த எண்ணைக் கையேட்டின் எண்ணோடு ஒப்பிட வேண்டும்.

எண் குறைவாக இருந்தால் அடுத்த படி: பிளக் துளை வழியாக ஒரு தேக்கரண்டி எஞ்சின் எண்ணெயை விட்டு மீண்டும் அளப்பது. எண்ணெய் வளையத்தைச் சுற்றிப் பரவி இடைவெளியைத் தற்காலிகமாக அடைக்கும். இப்போது அழுத்தம் நன்றாக உயர்ந்தால் கசிவு வளையத்திலோ சிலிண்டரிலோ இருக்கிறது. உயராவிட்டால் வால்வு பக்கமோ ஹெட் கேஸ்கெட் பக்கமோ பார்க்க வேண்டும். ஒரு தேக்கரண்டி எண்ணெய் இவ்வளவையும் சொல்லிவிடுகிறது.

வால்வு பக்கம் என்று தெரிந்தால் ஹெட்டைக் கழற்றும் முன் டேப்பட் இடைவெளியைப் பார்ப்பதுதான் முறை. அதைக் கடைசியில் பார்ப்பவர்கள்தாம் தேவையில்லாமல் செலவு செய்கிறார்கள்.

டேப்பட்: சத்தம் வராததும் ஆபத்து

வால்வின் முனைக்கும் அதைத் தட்டும் ராக்கர் கைக்கும் இடையே மிகச் சிறிய இடைவெளி இருக்க வேண்டும். சூடேறும்போது உலோகம் விரிவதற்கு அந்த இடம் தேவை. கார்புரேட்டர் இஎக்ஸ்5க்கு அந்த அளவு உள்ளிழு வால்வு, வெளியேற்று வால்வு இரண்டுக்கும் 0.05 மில்லிமீட்டர். சாதாரண எழுதுதாளின் கனத்தில் ஏறக்குறைய பாதி.

இடைவெளி அதிகமானால் ‘டிக் டிக்’ என்று சத்தம் கேட்கும். எல்லாரும் கவனிப்பார்கள். குறைந்துபோனால் சத்தமே வராது. வால்வு அதன் இருக்கையில் தேயத் தேய மேலே ஏறி, இடைவெளியைத் தின்றுவிடும். பிறகு வால்வு முழுவதும் மூடாது. அழுத்தம் கசியும், கிளப்புவது சிரமமாகும். தொடர்ந்து ஓட்டினால் சூடான வாயு அந்த விளிம்பு வழியாகவே வெளியேறி வால்வை எரித்துவிடும். அப்போது டாப் ஓவர்ஹால் உண்மையாகவே தேவைப்படும்.

சரிசெய்யும் முறை இது. எஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும். கையேடு சொல்வது 35 டிகிரி செல்சியசுக்குக் கீழ். நம் நாட்டு வெயிலில் இரவு முழுவதும் நிறுத்தி வைத்துக் காலையில் செய்வதே பாதுகாப்பு. பிளக்கைக் கழற்றினால் எஞ்சினைக் கையால் சுழற்றுவது எளிது. ஹெட்டின் இரண்டு டேப்பட் மூடிகளையும், இடப்பக்கக் கவரிலுள்ள இரண்டு மூடிகளையும் திறக்க வேண்டும். நடுத் துளை வழியாக ஃபிளைவீலைக் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுழற்றி, மேல்துளையில் ‘டி’ என்ற குறி அடையாளக் கோட்டோடு நேராக வரும்போது நிறுத்த வேண்டும்.

பலர் தவறுவது இங்கேதான். எஞ்சின் இரண்டு முறை சுழன்றால்தான் கேம் ஒரு முறை சுழலும். ஆகவே ‘டி’ குறி இரண்டு முறை வரும். அதில் ஒன்றுதான் சரியானது. இரண்டு ராக்கர்களையும் விரலால் ஆட்டிப் பார்க்க வேண்டும். இரண்டும் லேசாக ஆடினால் சரியான இடம். ஒன்று இறுகியிருந்தால் இன்னொரு முழுச் சுற்றுச் சுற்றி மீண்டும் ‘டி’ குறிக்குக் கொண்டுவர வேண்டும். அதைச் செய்தும் ஒரு ராக்கர் ஆடவே இல்லையென்றால் இடைவெளி அறவே இல்லாமல் போயிருக்கலாம்.

பின்னர் 0.05 ஃபீலர் தகட்டை இடையில் நுழைத்து, இழுக்கும்போது லேசான பிடிப்பு தெரியும்வரை திருகைச் சரிசெய்ய வேண்டும். பூட்டு நட்டை இறுக்கும்போது திருகும் கூடவே சுழல முயலும். ஆகவே திருகைப் பிடித்துக்கொண்டு இறுக்கி, மீண்டும் ஒருமுறை அளக்க வேண்டும். இந்த மறுஅளவைத் தவிர்ப்பவர்கள்தாம் ‘சரிசெய்தும் சத்தம் போகவில்லை’ என்று சொல்கிறார்கள்.

இறுக்குவதற்கும் அளவு உண்டு

வீட்டில் எஞ்சின் வேலை செய்பவர்கள் அதிகமாகக் கெடுப்பது பிஸ்டனை அல்ல, மரையை. கப்சாய் எஞ்சினின் உடல் அலுமினியம், போல்ட் எஃகு. அளவுக்கு மீறி இறுக்கினால் அலுமினிய மரை பிய்த்துக்கொண்டு வந்துவிடும்.

எண்ணெய் வடிக்கும் போல்ட்டுக்குக் கையேடு 24 நியூட்டன் மீட்டர் என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். 20 சென்டிமீட்டர் நீள ஸ்பானாரின் முனையில் சுமார் 12 கிலோ எடை தொங்குவதற்குச் சமம் அது. வளர்ந்த ஓர் ஆள் உடல் எடையைப் போட்டு இழுத்தால் அதைப் போல் மூன்று மடங்கு எளிதாக வந்துவிடும். ‘இன்னும் கொஞ்சம்’ என்று இறுக்கும் அந்தக் கடைசி இழுப்பில்தான் மரை போகிறது. பத்து நிமிட எண்ணெய் மாற்றும் வேலை, புது மரை பதிக்கும் செலவில் போய் முடிகிறது.

இதற்குத்தான் டார்க் ரெஞ்ச். குறிப்பிட்ட விசை வந்தவுடன் ‘கிளிக்’ என்று சொல்லும். மோட்டார் வேலைக்கு 5 முதல் 25 நியூட்டன் மீட்டர் வரை அளக்கும் சிறியது முதலில் தேவை. கார் சக்கரத்துக்கான பெரிய ரெஞ்ச் சிறு போல்ட்டுகளுக்கு உதவாது.

அலகிலும் கவனம் வேண்டும். கையேடுகள் ஒரே விசையை நியூட்டன் மீட்டர், கிலோகிராம் மீட்டர், பவுண்டு அடி என்று மூன்று விதமாக எழுதும். 24 நியூட்டன் மீட்டரும் 2.4 கிலோகிராம் மீட்டரும் ஏறக்குறைய ஒன்றே. ஒன்றின் எண்ணை மற்றொன்றின் அலகில் வைத்து இறுக்கினால் பத்து மடங்கு பிழையாகிவிடும்.

கைவசம் வேண்டியவை

நல்ல ரிங் ஸ்பானார், சாக்கெட் தொகுதி, ஃபீலர் கேஜ், சிறிய டார்க் ரெஞ்ச் ஆகியவை அடிப்படை. திருப்புளி வாங்கும்போது ஒன்றைக் கேட்டு வாங்க வேண்டும். ஜப்பானிய மோட்டார்களின் குறுக்குப் பள்ளத் திருகுகள் ஜேஐஎஸ் எனும் ஜப்பானியத் தரத்தில் செய்யப்பட்டவை. சாதாரண பிலிப்ஸ் திருப்புளி அவற்றில் முழுமையாகப் பொருந்தாது. நழுவி, திருகின் தலையையே சுரண்டிவிடும். ஜேஐஎஸ் முனையுள்ள திருப்புளியும், சுத்தியலால் தட்டினால் சுழலும் இம்பாக்ட் டிரைவரும் இருந்தால் பாதிச் சிக்கல் தீரும்.

எண்ணெயிலும் இதே கவனம் வேண்டும். கப்சாயில் கிளட்ச் எஞ்சின் எண்ணெயிலேயே நனைந்து ஓடுகிறது. ஆகவே டப்பாவில் ‘ஜாசோ எம்ஏ’ குறியுள்ள மின்யாக் ஹித்தாம்தான் ஏற்றது. வழுக்கும் தன்மைக்கென மருந்து சேர்த்த கார் எண்ணெயை ஊற்றினால் கிளட்ச் வழுக்கக்கூடும். இஎக்ஸ்5 போன்றவற்றில் தாளால் செய்த வடிகட்டி இல்லை. அடியில் ஒரு கம்பி வலையும், வலப்பக்கக் கவருக்குள் சுழற்சியால் அழுக்கைப் பிரிக்கும் வடிகட்டியும் இருக்கின்றன. ஆண்டுக்கணக்கில் எண்ணெயை மட்டும் மாற்றி, இந்த இரண்டையும் ஒருமுறைகூடத் திறக்காத மோட்டார்கள் ஏராளம். அவற்றைச் சுத்தம் செய்யும் கால அளவு பராமரிப்பு அட்டவணையில் இருக்கிறது.

ஹெட்டைக் கழற்றியே ஆக வேண்டுமென்றால்

சோதனைகள் எல்லாம் ஹெட்டையே காட்டினால், கையேட்டின் வரிசையை விட்டு விலகாமல் செய்ய வேண்டும். சில இடங்களில் கூடுதல் கவனம் தேவை.

கழற்றும் ஒவ்வொரு கட்டத்தையும் கைப்பேசியில் படமெடுத்து, போல்ட்டுகளை அட்டைப் பெட்டியில் அதே வரிசையில் குத்தி வைக்க வேண்டும். நீளம் மாறிய போல்ட் மரையைக் கெடுக்கும். டைமிங் சங்கிலியைக் கம்பியால் கட்டி வைக்காவிட்டால் உள்ளே விழுந்துவிடும். பிஸ்டன் ஊசியின் கிளிப்பைக் கழற்றும் முன் கீழேயுள்ள திறப்பைச் சுத்தமான துணியால் அடைக்க வேண்டும். அந்தச் சிறு கிளிப் உள்ளே துள்ளி விழுந்தால் முழு எஞ்சினையும் பிரிக்க நேரிடலாம்.

திரும்பப் பூட்டும்போது பிஸ்டன் தலையிலுள்ள ‘ஐஎன்’ எழுத்து உள்ளிழு பக்கம் பார்த்திருக்க வேண்டும். வளையங்களில் குறியிட்ட பக்கம் மேலே. வளையங்களின் வாய்கள் ஒரே நேர்கோட்டில் வராமல் சுற்றிலும் பிரிந்து நிற்க வேண்டும். கேஸ்கெட்டுகள் புதிதாக இருக்க வேண்டும். ஹெட் நட்டுகளை ஒன்றை மட்டும் முழுதும் இறுக்காமல், குறுக்கும் நெடுக்குமாக இரண்டு மூன்று தடவையில் ஏற்ற வேண்டும். கேம் பல்சக்கரத்தின் குறியும் ஃபிளைவீலின் ‘டி’ குறியும் ஒரே நேரத்தில் நேராக நிற்கின்றனவா என்று பார்த்து, கிக் உதைக்கும் முன் எஞ்சினைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்ற வேண்டும். எங்கேனும் தட்டினால் உடனே நிறுத்திக் குறிகளை மறுபடியும் பார்க்க வேண்டும்.

எங்கே நிறுத்த வேண்டும்?

சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவது, வால்வு இருக்கையை வெட்டுவது, கிராங்க் தண்டின் பேரிங்கை மாற்றுவது ஆகியவற்றுக்கு இயந்திரப் பட்டறையின் கருவிகள் வேண்டும். அங்கே செல்லும்போதும் கையேட்டின் எண்கள் கையில் இருந்தால், ‘பார்த்துச் செய்யுங்கள்’ என்று சொல்லாமல் ‘இவ்வளவு தேய்ந்திருக்கிறது, இந்த அளவு வேண்டும்’ என்று சொல்லலாம். நல்ல போமன் அதை மதிப்பார்.

எரிபொருள் உட்செலுத்து மோட்டார்களில் எஞ்சின் விளக்கு மின்னுவதை எண்ணிப் பிழையைக் கண்டறியலாம். ஹோண்டாவில் நீண்ட மின்னல் ஒன்றுக்குப் பத்து, குறுகிய மின்னலுக்கு ஒன்று என்பது கணக்கு. கூட்டி வரும் எண்ணுக்குரிய பாகத்தைக் கையேடு சொல்லும். இன்னும் உத்தரவாதக் காலத்திலுள்ள மோட்டாராக இருந்தால் விநியோகிப்பாளரிடம் கேட்காமல் எஞ்சினைத் திறக்காமல் இருப்பது நல்லது.

பாதுகாப்பில் சமரசம் வேண்டாம். மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிடக் கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. பெட்ரோல் இருக்கும் இடத்தில் சிகரெட்டும் சாமி விளக்கும் கூடாது.

சட்டமும் கழிவும்

பழுதுபார்ப்பது வேறு, மாற்றியமைப்பது வேறு. தேய்ந்த சிலிண்டரைக் கையேடு அனுமதிக்கும் அளவுக்குக் கடைவது பழுதுபார்ப்பு. 97 சிசி எஞ்சினுக்குப் பெரிய பிளாக் போட்டு ஓட்டுவது மாற்றம். கிரானில் பதிந்துள்ள எஞ்சின் கொள்ளளவையும் எஞ்சின் எண்ணையும் பாதிக்கும் மாற்றங்களுக்கு, 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்படி ஜேபிஜேயின் அனுமதி வேண்டும். விபத்து நேர்ந்தால் காப்புறுதிக் கோரிக்கையிலும் இது சிக்கலாகலாம்.

வடித்த கறுப்பு எண்ணெயைக் கால்வாயிலோ மரத்தடியிலோ ஊற்றக் கூடாது. மலேசியச் சுற்றுச்சூழல் விதிகளில் பயன்படுத்திய எஞ்சின் எண்ணெய் அட்டவணையிடப்பட்ட கழிவு. மூடியுள்ள புட்டியில் சேர்த்து, பழைய எண்ணெயைச் சேகரிக்கும் பட்டறையில் கொடுத்துவிடலாம். தோட்டத்துக் கால்வாய் கடைசியில் சேர்வது யாரோ மீன் பிடிக்கும் ஆற்றில்தான்.

குறிப்பேடும் சான்றிதழும்

கையேட்டோடு சேர்த்து ஒரு பழைய நோட்டுப் புத்தகமும் வேண்டும். தேதி, ஓடிய கிலோமீட்டர், அளந்த எண், மாற்றிய பாகம் ஆகியவற்றை எழுதி வைத்தால், ஆறு மாதம் கழித்து அதே எண் எவ்வளவு மாறியிருக்கிறது என்று தெரியும். பழுது வருவதற்கு முன்பே அது எச்சரித்துவிடும். பழைய மோட்டாரை விற்கும்போது விலை பேசவும் அது உதவும்.

இந்த வேலையில் கைதேர்ந்த இளைஞர்களுக்கு இன்னொரு வாசலும் திறந்திருக்கிறது. 2006ஆம் ஆண்டு தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் வழங்கப்படும் எஸ்கேஎம் எனும் மலேசியத் திறன் சான்றிதழை வகுப்பறைப் பயிற்சி வழியாக மட்டுமின்றி, ‘பிபிடி’ எனப்படும் முன்அனுபவ அங்கீகார வழியிலும் பெறலாம். வேலை செய்து பெற்ற திறனைச் சான்றுகளோடு காட்டி மதிப்பீடு பெறும் முறை அது. விவரங்களைத் திறன் மேம்பாட்டுத் துறையான ஜேபிகேயிடம் கேட்டறியலாம். கையேட்டைப் பார்த்து வேலை செய்து, செய்ததை எழுதியும் படமெடுத்தும் வைத்திருப்பவரிடம் காட்டுவதற்குச் சான்று இருக்கும்.

முதல் முறையாகத் தொடங்குபவர்கள் ஒரே நாளில் ஹெட்டைத் திறக்க வேண்டியதில்லை. இந்த வாரம் எண்ணெயும் பிளக்கும். அடுத்த மாதம் எண்ணெய் வலை. அதற்கடுத்து டேப்பட். இம்மூன்றையும் கையேட்டின் அளவில் செய்யக் கற்றவருக்கு, அடுத்த முறை ‘டாப் ஓவர்ஹால்’ என்ற சொல் காதில் விழும்போது கேட்பதற்கு ஒரு கேள்வி இருக்கும்: அளந்து பார்த்தீர்களா, எவ்வளவு வந்தது?